பெண் பார்க்க வந்த பத்து தேசம்

செம்பரம்பாக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த அந்தோணிராஜுக்கு நான்கு பெண்கள். மூன்றாவது பெண்தான் சகாயம்மாள். மற்ற மூன்றும் சொன்ன வேலையைச் செய்யும். இது மட்டும் ஏன், எதற்கு என்று கேட்டு, பதில் மனசுக்குப் பிடித்தால் செய்யும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வெளியே வந்தால் பின்னாலேயே ஓடும். கப்பலில் நோவா அத்தனை மிருகத்துக்கும் தீனிக்கு என்ன செய்தார் என்று கேட்கும். ஒரு நாள் சாமியார் தப்பித்துக்கொள்ள சைக்கிளை வேகமாக மிதித்து, மதகுப் பக்கம் சரிந்து விழுந்தார். கேள்வி கேட்டவளே போய்த் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டு மறுபடியும் கேட்டாள்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் வேர்க்கடலை சுற்றி வரும் காகிதத்தைக்கூடப் பிரித்து நீவி, இந்தப் பக்கம் படித்து, அந்தப் பக்கம் திருப்பிப் படித்து, மீதி எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கடைக்காரனைப் போய்க் கேட்பாள். எங்கேயோ ஒரு நாட்டில் ராஜாவைத் துரத்திவிட்டார்கள் என்று பாதியில் கிழிந்திருக்கும். துரத்தினவன் யார், ராஜா எங்கே போய்ச் சாப்பிடுகிறார் என்று அவளுக்குத் தூக்கம் வராது.

இப்படிப்பட்ட பெண்ணை உறவு விட்டு அசலில் கொடுத்தால் மறுவாரமே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, அந்தோணிராஜ் தன் அக்காள் லூர்தம்மாளின் மூத்த பிள்ளை பாஸ்கலுக்கே கட்டிவைத்தார். பாஸ்கலுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு கடையும் லேத்து வேலை. நாளெல்லாம் மிஷின் சத்தத்தில் நின்று காது மந்தமாகிவிட்டது. கேள்வி கேட்கும் பெண்டாட்டிக்குக் காது மந்தமான புருஷன் வாய்த்தது கர்த்தரின் கிருபை என்று லூர்தம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொரட்டூருக்கு மேற்கே, ரயில் லைனை ஒட்டி, மனை வாங்கி வீடு கட்டினார்கள். அந்த இடமெல்லாம் மணவாளன் என்கிற பெரியவரின் நெல் வயல். அவர் காலமானதும் மகன் திருவேங்கடம் அதை மனையாகப் பிரித்து, அப்பன் பேரையே வைத்து மணவாளன் நகர் ஆக்கினார். விற்றுவிட்டுப் போகவில்லை. தானும் அங்கேயே மாடி வீடு கட்டி, நலச்சங்கத்துக்குத் தலைவராகி, தெருவில் யார் வீட்டில் விசேஷமானாலும் முன்னால் நிற்பார். நல்ல மனுஷர். அழுக்கு வேட்டியோடு அவரை யாரும் பார்த்ததில்லை.

வந்த புதிதில் தண்ணீர் கல்கண்டாக இருந்தது. சில வருஷத்தில் துருவாடை அடித்தது. அப்புறம் பிடித்து வைத்தால் மேலே மஞ்சள் ஏடு கட்டியது. சோப்பு நுரைக்காது, தலை குளித்தால் முடி தேங்காய் நார் ஆகும். கம்பெனிக் கழிவு இறங்கிவிட்டது என்றார்கள் சிலர். ஏரி வற்றினதால் உப்பு ஏறிவிட்டது என்றார்கள் சிலர். சகாயம்மாள் கேட்காத ஆள் இல்லை. தெரியாது என்று ஒத்துக்கொள்ளத்தான் ஒருத்தரும் இல்லை.

குடிக்கிற தண்ணீருக்கு லைனைத் தாண்டிப் போகவேண்டும். அந்தாண்டை லோகநாதன் தோட்டத்துக் கிணறு இருந்தது. லோகநாதன், திருவேங்கடத்துக்குச் சித்தப்பா மகன். தண்ணீர் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கிணற்றுக்கும் தெருவுக்கும் நடுவே தண்டவாளம் கிடந்தது. ஒரு விடியற்காலை கூட்ஸ் வண்டி போகட்டும் என்று நின்ற அதே தெரு அன்னம்மாள், அது போனதும் கால் வைத்தாள். மறு லைனில் எலக்ட்ரிக் டிரெயின் வந்ததை அவள் பார்க்கவில்லை. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, இரண்டு குடமும் நசுங்கிக் கிடந்தன.

அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வேறு என்ன செய்வது?

தொண்ணூற்று மூன்றில் மழை பொய்த்தது. அந்த வருஷம்தான் சகாயம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குடம் தூக்கினால் படுத்த படுக்கையாகிவிடுவாய் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். பாஸ்கலுக்கு விடியுமுன்னே ஷிப்ட். மிச்சம் இருந்தது ஒன்பதாவது படிக்கிற மகள் ரோஸி. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு லைன் பக்கம் போகும்போதெல்லாம், ரயில் சத்தம் அடங்கி அந்த சின்னத் தலை திரும்பத் தெரிகிறவரைக்கும், சகாயம்மாள் வாசலில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நிற்பாள். எப்படியாவது தெருவுக்குக் குழாய் வரவேண்டும். அந்த வருஷம் அவள் மாதாவிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அப்படி இருக்கையில் லட்சுமணன் என்று ஒரு சின்ன அதிகாரி சங்கத்துக்கு வந்தார். பத்து தேசத்து அதிகாரிகள் மெட்ராசுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறார்களாம். உலகத்தில் அரசாங்கம் நடத்துகிறவர்களுக்கு என்னென்ன சங்கடம் வருகிறது என்பதுதான் பாடமாம். புத்தகத்தில் படித்தது போதும், ஒரு காலை நேரம் ஜனங்களோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்கிறார்களாம். அவர்களோடு தன் மேலதிகாரியும் வருவார், எந்தெந்தத் தெருவுக்குக் குழாய் போடலாம் என்று கணக்கெடுக்கிறவர் அவர்தான், கண்ணால் பார்த்தால் எழுதுவார் என்று லட்சுமணன் தணிந்த குரலில் சொன்னார்.

சமூகம், பொருளாதாரம், பாதுகாப்பு என்று மூன்று தலைப்பில் கேள்வி கேட்பார்கள் என்றும் சொன்னார். பாதுகாப்பு என்றால் ஆவடியில் டாங்கி செய்கிறார்களே அதுவா என்று சகாயம்மாள் கேட்டாள். அதுவும்தான் என்றார். அப்படியானால் நம்மை ஏன் கேட்கிறார்கள், ஆவடியில் போய்க் கேட்கலாமே என்றாள். லட்சுமணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் போனதும் திருவேங்கடம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மணவாளன் நகரில் அதுவரைக்கும் வந்த பெரிய கூட்டமெல்லாம் பெண் பார்க்க வந்த கூட்டம்தான். அதற்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் இதற்கும் நடந்தது. குப்பைமேட்டுக்கு முன்னால் ஷாமியானாத் துணி கட்டினார்கள். ரேஷன் கடை நாற்காலி, சர்ச் பெஞ்சு, அடுத்த வீட்டு ராஜம்மாவின் வெள்ளித் தாம்பாளம் எல்லாம் கைமாறி வந்தன. சகாயம்மாள் வீட்டில் சிமெண்டுத் தரையும் நீளமான கூடமும் இருந்ததால் அங்கேதான் உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. அவள் கூச்சப்படாமல் பேசுவாள் என்பது இன்னொரு காரணம்.

கேசரி, பஜ்ஜி, காப்பி. விருந்தாளி வாசலில் கால் வைத்ததும் கொடுக்கத் தண்ணீர்? லோகநாதன் கிணற்றிலிருந்து முந்தின நாளே பித்தளை அண்டா நிறைய ரொப்பி, வெட்டிவேர் போட்டு, கூடத்து மூலையில் பளபளவென்று வைத்தாயிற்று. தெருவிலிருந்த அடிபம்பின் கைப்பிடியைத் திருவேங்கடம் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாராவது அடித்து, மஞ்சள் தண்ணீர் வந்து தொலைத்தால் மானம் போய்விடும் என்றார்.

சகாயம்மாள் அன்று ராத்திரிச் சாப்பாடு போடும்போது புருஷனின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்தாள்.

“இன்னாய்யா இது, கஷ்டத்தப் பாக்கறதுக்குன்னுதான வராங்க? நாம கஷ்டத்தத் தூக்கிப் பரண்ல வெச்சிட்டு கேசரி கிண்டிக்கினு கீறோம்?”

“உனுக்கு இன்னா போச்சு? மீந்தா நமக்குத்தான் கேசரி” என்றான் பாஸ்கல்.

மறுநாள் வெள்ளை வேன் ஒன்றும் ஜீப் ஒன்றும் வந்தன. இறங்கினவர்களைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லை. கட்டை மீசை வைத்த ஒருவர் பெரு நாடாம், அங்கே போலீசில் பெரிய உத்தியோகமாம். ஒல்லியாக ஒருவர் பிலிப்பைன்ஸ். கூடத்தில் மாதா படத்தைப் பார்த்ததும் அவர் நெற்றியிலிருந்து நெஞ்சுவரை சிலுவை போட்டுக்கொண்டார். சகாயம்மாளுக்கு ஒரே ஆச்சரியம். இவர் எந்தச் சர்ச் பங்கு என்று கேட்கலாமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஜாம்பியாவிலிருந்து வந்த அம்மா ஒருத்தி, நல்ல உயரம், நம் பக்கத்துச் சுங்கடி மாதிரி புள்ளி போட்ட துணியால் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அவள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

சகாயம்மாள் தாம்பாளத்தில் தண்ணீர் டம்ளர்களை வைத்து நீட்டினாள். எல்லோரும் புன்சிரிப்போடு கையைக் கூப்பினார்களே தவிர ஒருவரும் எடுக்கவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் மூடி வைத்த பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. தண்ணீரைக் கடையில் விற்கிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். இத்தனை பாட்டிலை மொத்தமாகப் பார்த்தது அன்றுதான். வெளியூர்த் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவாம். லட்சுமணன் சங்கடத்தோடு சொன்னார்.

அந்த ஜாம்பியா அம்மாள் மட்டும் சுற்றிலும் பார்த்துவிட்டு, பாட்டிலைக் கீழே வைத்து, டம்ளரை எடுத்தாள். முழுசையும் குடித்தாள். அவள் ஊரிலும் வாசலில் கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்றால் வீட்டுக்காரியை அவமதித்ததாக அர்த்தமாம். குடித்துவிட்டு ஏதோ சொன்னாள். ரொம்ப இனிப்பான தண்ணீர், நல்ல வாசனை என்றாள் என்று லட்சுமணன் தமிழில் சொன்னார்.

திருவேங்கடத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டிவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது. ஜீப்பில் வந்த மேலதிகாரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இந்தத் தெருவில் தண்ணீருக்குக் குறையில்லை போலிருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினார்.

திருவேங்கடத்தின் முகம் அப்போதுதான் மாறியது. நேற்று முழுக்க ஓடி ஓடி மறைத்ததை எந்த வாயால் எடுத்துச் சொல்வது? ராஜம்மா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பேனா காகிதத்தில் பட்டால் ரோஸி நாளைக்கும் லைனைத் தாண்டுவாள், அடுத்த வருஷமும் தாண்டுவாள். சகாயம்மாளுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

“சார், அத்த எழுதாதீங்க. அது எங்க தண்ணி இல்ல.”

அவள் திருவேங்கடத்தின் பக்கம் திரும்பாமல் மீதியையும் சொல்லி முடித்தாள். லைனுக்கு அந்தாண்டை இருந்து கொண்டுவந்தது. எங்கள் தெருத் தண்ணீர் வாயில் வைக்க வராது. வந்தவர்களுக்கு அதைக் கொடுக்க மனசு வராமல் இதைக் கொடுத்தோம். பம்புக் கைப்பிடி சங்கத் தலைவர் வீட்டில் இருக்கிறது.

லட்சுமணன் ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொன்னார். பெரு நாட்டு மீசைக்காரர் எழுந்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொடுங்கள், குடித்துப் பார்க்கிறேன் என்று கை நீட்டினார். குளியலறையில் பம்புத் தண்ணீர் ஒரு பக்கெட் இருந்தது. ஆனால் சகாயம்மாள் மொள்ளவில்லை.

“என் கையால குடுக்க மாட்டேன். உங்க ஊட்டுக்கு வந்தா நீங்க எனுக்குக் குடுப்பீங்களா?”

அப்போதுதான் அந்த ஜாம்பியா அம்மாள், சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பெண் பார்க்க வந்தாலும் பெண்டுகள் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்காமல் போவார்களா? திருவேங்கடம் எல்லாவற்றுக்கும் திரை போட்டவர், அதை மறந்துவிட்டார்.

உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் மத்தியானச் சாம்பாருக்குப் பருப்பு கிடந்தது. நல்ல தண்ணீரெல்லாம் அண்டாவுக்குப் போய்விட்டதால் அன்றைக்கு பம்புத் தண்ணீரில்தான் போட்டிருந்தாள். வேன் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே ஏற்றியது. மேலே மஞ்சள் நுரை பொங்கியிருந்தது. அந்த அம்மாள் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, ஒரு பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தாள். கல்லு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடியும் ஒன்றை நசுக்கினாள். பிறகு சகாயம்மாளைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்துக் குடம் தூக்குகிற மாதிரி காட்டி, வெளியே தூரத்தைக் காட்டினாள். சகாயம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள். மொழிபெயர்க்க லட்சுமணன் உள்ளே வந்தபோது அங்கே அவருக்கு வேலை இல்லை.

அதற்கப்புறம் கேசரியைத் தொடாமல் எல்லோரும் கேட்டார்கள், சகாயம்மாள் சொன்னாள். அன்னம்மாளைச் சொன்னாள். குடம் வரிசையில் சண்டை வந்து இரண்டு சம்பந்தி வீட்டார் பேச்சில்லாமல் போனதைச் சொன்னாள். தண்ணீருக்கு நின்றதால் வேலைக்கு நேரமாகி, தையல் கம்பெனியில் பெண்களைத் திருப்பி அனுப்பியதையும், பருப்பு வேகாமல் மண்ணெண்ணெய் தீர்ந்துபோவதையும் சொன்னாள். ரோஸியைப் பற்றி மட்டும் கடைசியில், வேகமாகச் சொல்லி முடித்தாள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அவர்களுக்குள் தகராறு வந்தது. சம்பந்தி சண்டை வருவதால் இது சமூகம் என்றாள் ஜாம்பியா அம்மாள். கூலியும் மண்ணெண்ணெயும் போவதால் பொருளாதாரம் என்றார் பிலிப்பைன்ஸ்காரர். ஒரு பெண் செத்திருக்கிறாள், இன்னொரு பெண் சாகலாம், இது பாதுகாப்பு என்று மீசைக்காரர் மேசையைத் தட்டினார். சர்ச் பெஞ்சில் உட்கார்ந்து பத்து தேசம் இங்கிலீசில் கத்தியது. சகாயம்மாள் லட்சுமணன் அருகில் போய், என்ன சண்டை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“அவங்களக் கேளுங்க சார். மூணுல எதுல எழுதுனா தண்ணி சீக்கிரம் வரும்?”

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. மீசைக்காரர், என் நாட்டில் மூன்றாவதற்குத்தான் பணம் சீக்கிரம் கிடைக்கும் என்றார். உன் நாட்டில் மட்டுமா என்றார் பிலிப்பைன்ஸ்காரர்.

“அப்போ அதுலயே எழுதுங்க” என்றாள் சகாயம்மாள்.

வேன் போனதும் தெருவே அவள் மேல் பாய்ந்தது. ஊர்பேர் தெரியாதவர்கள் முன்னால் தெரு மானத்தை வாங்கிவிட்டாள் என்று ராஜம்மா தாம்பாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். திருவேங்கடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் பாட்டுக்கு பம்புக் கைப்பிடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அவளைப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகு வழியில் எதிர்ப்பட்டாலும் வேறு பக்கம் பார்ப்பார்.

மாசம் போயிற்று. குழாய் வரவில்லை. ஒரு நாள் லாரியில் இரும்புக் கம்பமும் முள்கம்பியும் வந்தன. ஆட்கள் இறங்கி, லைன் ஓரமாக நீளத்துக்கு வேலி அடித்தார்கள். எதற்கு என்று சகாயம்மாள் போய்க் கேட்டாள். ஜனங்கள் தண்டவாளத்தைத் தாண்டுவது ஆபத்து என்று மேலே தெரிந்துவிட்டதாம், பாதுகாப்புக்காக வேலி என்றான் மேஸ்திரி. பாதுகாப்பில் எழுதச் சொன்னவள் அவளே. எழுதினபடி பாதுகாப்பு வந்துவிட்டது, தண்ணீரைக் காணோம். இருந்த கிணற்றுக்கும் வழி அடைபட்டது.

ரோஸி லைனைத் தாண்டவேண்டியதில்லை என்று ஒரு மூச்சு நிம்மதி. அடுத்த மூச்சில் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

தெரு ஜனம் திட்டுவதற்கு முன்னால் அவளே போய்விடலாம் என்று திருவேங்கடம் வீட்டு வாசலில் நின்றாள். அவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“அண்ணாத்தே, நான் கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணு. இன்னா பண்றதுன்னு தெரில.”

அவர் வீட்டு அண்டாவும் காலியாகத்தான் இருந்தது. மாடி வீட்டுக்காரர் குடத்தோடு வரிசையில் நிற்பதை யாரும் பார்க்கக்கூடாது என்று இத்தனை வருஷமும் லோகநாதன் ஆள் விட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் அனுப்பிவந்தது, அவர் சொல்லித்தான் அன்றைக்கு அவளுக்கே தெரிந்தது.

“நாளைக்கு எல்லாக் கொடத்தையும் தூக்கிகினு மெயின் ரோட்டுக்குப் போலாம் தங்கச்சி. காலிக் கொடம். நான் வரேன். நீ முன்னாடி நில்லு. கேக்கறதுக்கு உன்ன உட்டா ஆள் யாரு கீது?”

போனார்கள். வெள்ளை வேட்டியோடு திருவேங்கடம் தார் ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பஸ்ஸெல்லாம் நின்றது. ஜீப்பில் வந்த அதிகாரிகளிடம் சகாயம்மாள் கேட்டது ஒரே கேள்விதான். வேலி எங்களைக் காப்பாற்ற என்றால், உள்ளே இருக்கிற நாங்கள் எதைக் குடிப்பது? ஜீப்பில் வந்தவர்கள் வேறு ஜீப்பைக் கூப்பிட்டார்கள். அந்த வாரமே தெருமுனையில் செங்கல் மேடை கட்டி, கறுப்பு டேங்க் ஒன்றை வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணீர் ரொப்ப ஆரம்பித்தார்கள். குழாய் வந்தது அதற்கும் சில வருஷம் கழித்து, ரோஸிக்கு ஆவடியில் கிறிஸ்துராஜோடு கல்யாணமான பிற்பாடு. அந்தப் பத்து தேசத்தார் எழுதினதாலா, ரோட்டில் உட்கார்ந்ததாலா, தேர்தல் நெருங்கினதாலா என்று அவள் கேட்காத ஆள் இல்லை.

முதல் லாரி வந்த அன்று விடியற்காலை, எலக்ட்ரிக் டிரெயின் சத்தத்துக்குப் பழக்கதோஷத்தில் சகாயம்மாளுக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் ரோஸி தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். எழுப்பவில்லை. டேங்க் இருக்கிற பக்கமாக அதற்குள்ளேயே பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டது. யாரோ யாருடைய குடத்தையோ உதைத்துவிட்டாள் போல. சகாயம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே, என்ன சண்டை என்று கேட்கப் போனாள்.